ஹால் மூலையில் ஓர் ஆபீஸ்

மயிலாப்பூர், தி.நகர் ஃபிளாட்களில் ஆபீஸுக்குத் தனி அறை ஏது?

1. சுவரோடு மடங்கும் மேசை போடுங்கள். 3 அடி அகலம், 20 அங்குல ஆழம், தரையிலிருந்து 29 அங்குல உயரம் போதும். மடக்கிவிட்டால் ராத்திரி அங்கேயே பாய் விரிக்கலாம்.

2. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 19 மி.மீ. பிளைவுட் கேளுங்கள்; மழைக்கால ஈரத்தில் பார்ட்டிகிள் போர்டு உப்பிவிடும். அறுத்த ஓரங்களையும் மூடி ஒட்டச் சொல்லுங்கள். ஈரம் நுழைவதே அங்கேதான், ஆசாரி மறப்பதும் அதைத்தான்.

3. அடையாறு, பெசன்ட் நகர் பக்கமா? கீல், திருகு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும்.

4. ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் பட்டுக் கண் கூசும்.

5. வாடகை வீடென்றால் சுவரில் துளை வேண்டாம், மடக்குக்கால் மேசை வாங்குங்கள். துளை போட்டால் ஹவுஸ் ஓனர் அட்வான்ஸில் கழிப்பார்!