சாதாவா, பவரா? உங்கள் காருக்கு எந்த ஆக்டேன்?

"சார், சாதாவா, பவரா?"

பங்கில் கண்ணாடியை இறக்கியதுமே வரும் கேள்வி இது. பின்னால் நிற்கும் வண்டி ஹாரன் அடிக்கும்; யோசிக்க நேரமிருக்காது. புதுக் காரென்றால் "பவரே போடுப்பா" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். முதல் கார் வாங்கிய புதிதில் நானும் எட்டு மாதம் அப்படித்தான் போட்டேன். விலை கூடினால் சரக்கும் உசத்தி என்று ஜவுளிக்கடையில் பழகிய புத்தி. டேங்க் மூடியின் உள்பக்கம் 91 என்று ஒட்டியிருந்ததை அதற்குப் பிறகுதான் படித்தேன்.

நீங்கள் எட்டு மாதம் காத்திருக்க வேண்டாம். கீழே உள்ள ஐந்து படிகள் போதும். அதற்கு முன் ஒரே ஒரு பாடம்.

ஆக்டேன் என்பது பொறுமைக்கான மார்க்

சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை பிஸ்டன் நெருக்குகிறது. நெருக்க நெருக்கச் சூடேறும். ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் தீ அங்கிருந்து சீராகப் பரவ வேண்டும். அது வந்து சேருவதற்குள் ஓரத்தில் இருக்கும் மிச்சக் கலவை சூடு தாங்காமல் தானாகப் பற்றிக்கொண்டால் அதுதான் நாக்கிங். "எஞ்சின் தட்டுது" என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். தொடர்ந்து தட்டினால் பிஸ்டனே சேதமாகும்.

அப்படி முந்திக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதுதான் ஆக்டேன் எண். ஐசோஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, ஹெப்டேனுக்கு 0. ஒரு பெட்ரோல் 95 என்றால், 95 பங்கு ஐசோஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை அளவுக்கு அது தாங்கும் என்று பொருள். இந்த மார்க்கில் வலுவுக்கு இடமே இல்லை. எத்தனாலைப் பாருங்கள்: அதன் ஆக்டேன் 100-ஐத் தாண்டும், ஆனால் ஒரு லிட்டரில் கிடைக்கும் சக்தியோ பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு.

படி 1: மூடியைத் திறந்து படியுங்கள்

டேங்க் மூடியின் உள்பக்கமோ, கார் கையேட்டின் எரிபொருள் பக்கமோ பாருங்கள். எண்ணோடு வரும் சொல்லையும் கவனியுங்கள். "குறைந்தபட்சம் 91" என்றால் 91 போதும். எஞ்சினை அதற்கேற்பத்தான் செய்திருக்கிறார்கள். "குறைந்தபட்சம் 91, பரிந்துரை 95" என்றால் 91-இல் ஓடும், 95-இல் முழு இழுவை கிடைக்கும். "குறைந்தபட்சம் 95" என்றால் பேரமே கிடையாது. கம்ப்ரஷன் அதிகமுள்ள எஞ்சின்களும் டர்போ எஞ்சின்களும்தான் பெரும்பாலும் பெரிய எண்ணைக் கேட்கும்.

எண்ணுக்குப் பக்கத்தில் ஆர்.ஓ.என். (RON) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் இந்த அளவுகோல்தான். அமெரிக்காவில் வேறு கணக்கு. அங்கே பங்கில் எழுதியிருக்கும் 87 நம் 91-க்குக் கிட்டத்தட்டச் சமம். அமெரிக்க யூடியூப் வீடியோவில் "87 போதும்" என்று கேட்டுக் குழம்ப வேண்டாம்.

படி 2: பங்கில் பெயரை விட்டுவிட்டு எண்ணைப் படியுங்கள்

பிரீமியம் பெட்ரோலுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. எக்ஸ்பி95, எக்ஸ்பி100 போன்ற பெயர்களில் எண்ணே இருக்கிறது. எண் இல்லாத பெயரென்றால் ஆக்டேன் கூடுதல் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். எஞ்சினின் உள்பாகங்களைச் சுத்தமாக வைக்கும் சேர்மானத்துக்காகவும் கூடுதல் விலை வைப்பதுண்டு. பம்பில் எண் தெரியாவிட்டால் கேளுங்கள்.

இங்கே ஒரு முக்கியமான மாற்றம் நடந்திருக்கிறது. பிஎஸ்6 மாசுக்கட்டுப்பாட்டு விதிப்படி சாதா பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91 தேவை. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கான இந்தியத் தர விதியோ 95 கேட்கிறது. அதாவது "இ20" என்று எழுதிய பம்பில் சாதா விலைக்கு வருவதே, விதிப்படி, 95. கார் 95 கேட்கிறது என்பதற்காக மட்டும் பிரீமியம் போட்டவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். பழைய காரின் ரப்பர் குழாய்கள் எத்தனாலைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி. அதற்கும் ஆக்டேனுக்கும் சம்பந்தமில்லை. 95 என்று எழுதியிருப்பதாலேயே எத்தனால் இல்லாத பெட்ரோல் என்றும் ஆகிவிடாது.

படி 3: மலை ஏற்றத்தில் காது கொடுங்கள்

எஞ்சின் தட்டுகிறதா என்று கண்டுபிடிக்கச் சமதளம் உதவாது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள். காரில் நாலு பேர், ஏ.சி. ஓடுகிறது, மூன்றாவது கியரில் வளைவைத் தாண்டி ஆக்சிலரேட்டரை அழுத்துகிறீர்கள். அந்த நேரம் தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம் முன்பக்கத்திலிருந்து வந்தால் அதுதான் நாக்கிங். மியூசிக்கை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பக்கவாட்டில் சுவர் இருக்கும் இடத்தில் கண்ணாடியை இறக்கினால் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. கீழே வந்து, "இனிமே 100 ஆக்டேன் போட்டுடலாமா?" என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். "பெட்ரோல மாத்தறதுக்கு முன்னாடி கியர மாத்துங்க சார்" என்றார். அடுத்த முறை ஏறும்போது இரண்டாவது கியருக்கு இறக்கியதும் சத்தம் போய்விட்டது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது பெரிய பாரத்தை ஏற்றினால் நல்ல பெட்ரோலும் தட்டும்.

இன்றைய கார்களில் நாக் சென்சார் உண்டு. தட்டும் அதிர்வை உணர்ந்து, பொறி விடும் நேரத்தைத் தள்ளிப்போடும். சத்தம் அடங்கும், இழுவையும் கொஞ்சம் குறையும். 95 பரிந்துரைத்த காரில் 91 போட்டால் நடப்பது இதுதான். 91-க்காகவே செய்த காரில் 100 ஊற்றினால், சென்சார் தள்ளிப்போட வேண்டிய வேலையே இல்லாததால், பெரிதாக ஒன்றும் நடக்காது.

படி 4: பழியைப் பெட்ரோல்மேல் போடுமுன்

கியர் இறக்கியும் தட்டினால் வரிசையாகப் பாருங்கள்: கூலன்ட் அளவு, எஞ்சின் சூடு, சரியான ரக ஸ்பார்க் பிளக், சிலிண்டருக்குள் கார்பன் படிவு. கலப்படமும் காரணமாகலாம், மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் இறங்கிவிடும். பங்கில் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள், கொடுத்தாக வேண்டும். ஒரு சொட்டு பெட்ரோல் விட்டால் சில நிமிடங்களில் கறையில்லாமல் ஆவியாக வேண்டும். கறை நின்றால் சந்தேகப்படுங்கள்.

படி 5: கணக்குப் போடுங்கள்

சாதா 100 ரூபாய், பிரீமியம் 108 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிறது. மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். 80 லிட்டர், கூடுதல் செலவு 640 ரூபாய். இது வரவாகத் திரும்பி வர, மைலேஜ் 16.2 ஆக உயர வேண்டும்.

உயர்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஒரே பங்கில், ஒரே பம்பில், முதல் ஆட்டோ கட் ஆகும்வரை ஃபுல் டேங்க். வழக்கமான பாதையில் ஓட்டி, மறுபடி ஃபுல் செய்து, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். சாதாவில் மூன்று டேங்க், பிரீமியத்தில் மூன்று டேங்க். ஒரே டேங்கை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் அது டிராஃபிக்கின் மைலேஜாக இருக்கும். இரண்டையும் மாற்றிப் போடுவதால் எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை. பாதிப் பாதி கலந்தால் எண்ணும் ஏறக்குறைய நடுவில் நிற்கும்.

வெளியூரில்

இலங்கையில் 92, 95 ரகங்கள் கிடைக்கும். மலேசியாவில் 95, 97. சிங்கப்பூரில் 98-ம் கிடைக்கும். எங்கே போனாலும் மூடியில் உள்ள எண்ணுக்குக் குறையாத முதல் ரகம்தான் உங்களுடையது. இலங்கையில் 92 இருக்க, 91 கேட்கும் கார் 95-ஐத் தேட வேண்டியதில்லை.

என் கார் இப்போதும் அதே கார்தான். பங்கில் அதே கேள்வி வருகிறது. "சாதாவே போடுப்பா" என்கிறேன். "ஜீரோ பாத்துக்கோங்க சார்" என்கிறார் பையன். ஏற்காட்டில் மட்டும் முன்பைவிடச் சீக்கிரமாகக் கியர் இறக்குகிறேன்.