கத்திரி வெயிலில் டோர்னமென்ட் ஆடப் போகிறீர்களா?

மே மாதம் ஊருக்கு ஊர் டென்னிஸ் பந்து கிரிக்கெட் டோர்னமென்ட். எட்டு ஓவர்தானே என்று இறங்குவார்கள். ஆனால் ஜெயிக்கிற அணி அதே நாளில் மூன்று நான்கு மேட்ச் ஆடியாக வேண்டும். இது கேப்டன்களுக்காக எழுதுவது.

முதலில் ஆள் தேர்வு. உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரமாகும். வாரம் முழுக்க ஏ.சி. அறையில் வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை இரவு பஸ் பிடித்து வந்த பவுலருக்கு முதல் மேட்சில் பந்து தராதீர்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, முந்தின இரவு மது என்றால் மைதானத்துக்கே வேண்டாம்.

சாப்பாடு எளிது. ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் இட்லி. என்னைக் கேட்டால் உப்புப் போட்ட மோர் ஊற்றிய பழைய சோறு. இடைவேளையில் வாழைப்பழம், கடலை மிட்டாய். பிரியாணி கடைசி மேட்சுக்குப் பிறகுதான்.

குடிப்பதில்தான் தவறு தொடங்குகிறது. தண்ணீர் கேன் ஒன்றை இறக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, முற்றினால் வலிப்புகூட வரும். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் கம்மி; அதனால் உப்பு மோரோ ஓ.ஆர்.எஸ்.ஸோ கூடவே இருக்கட்டும். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், டம்ளரில் அல்ல. எவ்வளவு குடிப்பது என்பதற்கு எடை பார்க்கும் மெஷின் போதும். ஆடி முடித்ததும் ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். 1986இல் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் டீன் ஜோன்ஸ் ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்துக்கொண்டு 210 ரன் அடித்தார். பிறகு ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். அதை வீரக்கதையாகவே சொல்லிச் சொல்லி, வாந்தி எடுப்பவனையும் "இன்னும் ரெண்டு ஓவர்தான்டா" என்று நிறுத்தி வைக்கிறோம். வாந்தி வந்தால் அவன் வெளியே. கால் பின்னுகிறதா, எந்த முனைக்கு எறிவதென்று தடுமாறுகிறானா, ஸ்கோர் கேட்டால் உளறுகிறானா? மூளைக்குச் சூடு ஏறிவிட்டது. 'வியர்க்கிறதே, ஒன்றுமில்லை' என்று விடாதீர்கள். விளையாடும்போது வரும் வெப்பத்தாக்கில் வியர்வை வழிந்துகொண்டே இருக்கலாம். உள்ளே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும்.

ஒருவர் 108ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் நிழலில் படுக்க வைத்து, ஜெர்சியையும் ஷூவையும் கழற்றி, கேன் தண்ணீர் முழுவதையும் உடம்பெல்லாம் ஊற்றுங்கள். ஐஸில் நனைத்த துண்டுகளைக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வைத்து மாற்றிக்கொண்டே இருங்கள், விசிறுங்கள். பக்கத்தில் பம்ப்செட் தொட்டி இருந்தால் கழுத்துவரை இறக்கி, தலை நீரில் போகாமல் ஒருவர் தாங்கிப் பிடிப்பது இன்னும் நல்லது. பைக்கில் நடுவே உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குப் பறக்கிறார்களே, அந்த நேரமெல்லாம் மூளை வெந்துகொண்டிருக்கிறது. முதலில் குளிர்விப்பது, பிறகுதான் கொண்டுபோவது. வண்டியிலும் ஈரத்துணி தொடரட்டும்.

நினைவு தெளியாதவன் வாயில் சோடா ஊற்றாதீர்கள், புரையேறும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைத் தணிக்காது. வலிப்பென்று கையில் சாவியைத் திணிப்பதும் வேண்டாம். சுற்றி நிற்கும் கூட்டத்தை விரட்டுங்கள், காற்று வரட்டும்.

கொஞ்ச நேரத்தில் எழுந்து, "நல்லாத்தான் இருக்கேன், பைனல்ல இறங்குறேன்" என்பான். விடாதீர்கள். அன்றே டாக்டர் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். சிறுநீரகமும் கல்லீரலும் கெட்டது ஓரிரு நாள் கழித்தும் தெரியவரலாம். வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லிவையுங்கள்: சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.