ஓதம் பிடித்த சுவரும் ஒழுகும் கூரையும்: இளம் பொறியாளருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

புதுக் கட்டடம் கட்டப் போகாமல் பராமரிப்பு வேலையில் இறங்கியிருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். கட்டியதைக் காப்பாற்றத் தெரிந்த கைகள் நமக்கு மிகவும் குறைவு.

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னையில் உன் போன் ஓயாது. ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டிவிடும் ஊர் இது. கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "என்ன கெமிக்கல் அடிக்கணும்?" அதற்குப் பதில் சொல்லாதே. ஈரம் எப்போது தெரிகிறது என்று திருப்பிக் கேள். மழை பெய்யும்போதே சொட்டினால் தளத்தில் விரிசலோ, வடிகுழாய் சேரும் இடத்தில் பிளவோ இருக்கும். மழை விட்டு இரண்டு நாள் கழித்துச் சொட்டினால், தட்டோட்டுக்கு அடியில் செங்கல் ஜல்லிக் கலவையில் தண்ணீர் தேங்கி மெல்ல இறங்குகிறது. சித்திரை வெயிலிலும் காயாத ஈரம் என்றால் மொட்டைமாடியை விட்டுவிட்டு மேல்வீட்டுக் குளியலறையைப் பார்.

கறை தெரியும் இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்று நம்பிவிடாதே. தளத்துக்குள் ஓடும் மின்குழாய் வழியாகத் தண்ணீர் பத்தடி நடந்து வந்து மின்விசிறிக் கொக்கியில் சொட்டும். அப்படிச் சொட்டினால் மெயினை அணைத்துவிட்டுத்தான் ஏணியில் கால் வைக்க வேண்டும். பிறகு மாடிக்குப் போ. வடிகாலை அடைத்து, பகுதி பகுதியாகப் பாத்தி கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி இரண்டு நாள் கவனி. எந்தப் பாத்திக்குக் கீழே நனைகிறது என்பதுதான் உனக்கு வேண்டிய விடை. குளியலறை என்றால் தண்ணீரில் கலர் பொடி கலந்தால் போதும். ஆனால் தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் தளத்தில் இதைச் செய்துவிடாதே. இரண்டு அங்குலத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தர நுனி உளுத்திருக்கிறதா என்று உனக்குத் தெரியாது.

அந்தப் பழைய வீடுகளைப் பற்றித்தான் நிறையச் சொல்ல ஆசை. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய சுவர்களில் ஓதம் கீழிருந்து ஏறும். ஓரளவு ஏறியதும் சுண்ணாம்புப் பூச்சு வழியாகவே ஆவியாகிவிடும். வீட்டுக்காரர் பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்பார். யாராவது மூன்றடிக்குச் சிமெண்ட் பூசிவிட்டுப் போவார்கள். வெளியேற வழி அடைபட்ட ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே ஏறி, சிமெண்ட் முடியும் இடத்துக்கு மேலே ஐந்தடி உயரத்தில் தலைகாட்டும். இதை நான் எதிர்க்காத நாளே இல்லை. சிமெண்டைக் கொத்தி எடு; சுண்ணாம்புக்குத் திரும்பு.

உப்பையும் கவனி. மண்ணிலும் செங்கல்லிலும் இருக்கும் உப்பு ஈரத்தோடு மேலே வந்து, ஈரம் காயும் இடத்தில் படிகமாகி, பூச்சை உள்ளிருந்து தள்ளும். நகத்தால் சுரண்டினால் பட்டி பொடியாக உதிர்ந்து, அடியில் வெள்ளையாகப் பூத்திருப்பது தெரியும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். உலர்ந்த பிரஷால் தேய்த்து, கீழே விரித்த தாளில் வாரி வெளியே கொண்டுபோய்ப் போட வேண்டும்.

காரணம் பல சமயம் வீட்டுக்குள்ளேயே இருக்காது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால் எத்தனையோ தெருக்கள் உயர்ந்து, வாசற்படிகள் புதைந்துவிட்டன. சுவரை ஒட்டி மண் ஏறி நிற்கும் வரை உள்ளே எதை அடித்தாலும் நிற்காது. மண்ணை வெட்டி இறக்கு. தெருத் தண்ணீர் சுவரோரம் தேங்காமல் வாட்டம் கொடு.

கான்கிரீட் வீடுகளில் அவசரம் வேறு. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அதனால்தான் தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து விழுகிறது. கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, துருவை முழுதும் எடுக்காமல் மேலே கலவை அப்புவதை அனுமதிக்காதே. கீழே குழந்தைகள் படுத்திருப்பார்கள்.

காய்வதற்கு நாள் கொடுக்கச் சொல்வதுதான் மிகக் கடினம். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்ததும் பொங்கலுக்குள் பெயிண்ட் அடித்துவிடத் துடித்தவர்களை நான் அறிவேன். சுவரின் கனத்தில் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது தொழிலில் சொல்லும் தோராயக் கணக்கு; நல்ல வெயிலும் காற்றோட்டமும் இருந்தால் விரைவாகும். இப்படிச் சொன்னால் சில வேலைகள் கைநழுவும். நழுவட்டும், ஈரச் சுவரில் பட்டி பார்த்துப் பணம் வாங்குவது ஏமாற்று.

எஸ்டிமேட்டின் முதல் வரியில் காரணத்தை எழுது, பொருளின் பெயரைப் பிறகு எழுது. மொட்டைமாடி வேலைகளை மாசியிலிருந்து ஆனிக்குள் முடித்துவிடு. புரட்டாசியில் உன் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் போன் செய்து, வடிகால் வாயில் கிடக்கும் சருகை அள்ளச் சொல், கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுக்கச் சொல். எங்காவது காரணம் பிடிபடவில்லை என்றால் எனக்கு எழுது. கறையின் படம் மட்டும் போதாது. அதற்கு நேர் மேலே என்ன இருக்கிறது, வெளிப்புறம் எப்படி இருக்கிறது, எந்த நேரத்தில் ஈரம் கூடுகிறது என்ற மூன்றையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்