கிராக்கியும் சாவுகிராக்கியும்



நம் வாயில் நாள்தோறும் புழங்கும் சொல் 'கிராக்கி'. "தக்காளிக்கு நல்ல கிராக்கி" என்கிறார் கோயம்பேடு மொத்த வியாபாரி. "காலையிலேர்ந்து ஒரு கிராக்கிகூட மாட்டலே" என்கிறார் தாம்பரம் ரயிலடி ஆட்டோக்காரர். கூப்பிட்டால் வராத எலக்ட்ரீஷியனை "ரொம்பத்தான் கிராக்கி பண்ணிக்கிறான்" என்கிறோம். சரக்குக்கு ஒரு பொருள், ஆளுக்கு ஒரு பொருள், பிகுவுக்கு ஒரு பொருள்!

வேர் ஒன்றுதான். வடமொழியில் 'கிராஹக' என்றால் எடுப்பவர், கொள்பவர். இந்தியில் அது கிராஹக், பேச்சில் காஹக். 2005-ல் மத்திய அரசு தொடங்கிய 'ஜாகோ கிராஹக் ஜாகோ' என்னும் நுகர்வோர் விழிப்புணர்வு விளம்பரத்தில் வருவதும் இதே சொல்தான். கன்னடத்தில் 'கிராக்கி' என்றால் வாடிக்கையாளர். வசை ஏதும் இல்லை. தெலுங்கில் அதுவே சரக்கின் தேவையைக் குறிக்கும். நாம் இரண்டையும் வாங்கிப் போட்டுக்கொண்டோம். (முதல் வியாபாரத்துக்கு நாம் சொல்லும் 'போணி'யும் இந்தி 'போஹனி'தான்.)

கேட்பவர் பெருகினால் விலை ஏறும். ஆகவே விலையேற்றத்துக்கும் அதே பெயர் வந்திருக்கலாம். இன்று அகவிலைப்படி எனப்படுவதை அன்றைய தொழிற்சங்கத்தார் 'கிராக்கிப்படி' என்றார்கள். ரயில்வே ஊழியர் நிறைந்த நம் பகுதியில் அந்தப் படி உயர்ந்தால் கல்லாவுக்கும் தெரியும்.

இரு பொருள் இருப்பதால் குறுக்கெழுத்துப் போட்டிக்கு இது நல்ல சரக்கு. நான்கே எழுத்து. நானே ஒரு குறிப்பு எழுதிப் பார்த்தேன்: 'சந்தையில் இருந்தால் விலை ஏறும், ஸ்டாண்டுக்கு வந்தால் வண்டியில் ஏறும் (4)'. வீட்டில் மகள் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டாள்.

இனி 'சாவுகிராக்கி'. குறுக்கே பாய்ந்தவனைப் பார்த்து, "வூட்ல சொல்லிட்டு வந்தியா, சாவுகிராக்கி!" என்று டிரைவர் கத்துவது மெட்ராஸில் பிறந்தவர்க்குப் புதிதல்ல. எமனுடைய வாடிக்கையாளர் நீ என்பது அதன் பொருள். அரைச் சொல்லில் முழுச் சாபம். வெறும் 'கிராக்கி'க்கேகூடச் சில இடங்களில் கௌரவக் குறைவான பொருள் உண்டு. கடைக்கு வந்தவரை அவர் காதுபட அப்படிச் சொல்வது ஆகாது.

எனக்கு இது புத்தகத்தில் கிடைத்த பாடம் அல்ல. சண்முகம் சாலைப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்த காலத்தில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வேலைக்கு வந்தான். சுறுசுறுப்பானவன். ஒரு மாலை, வயதான அம்மா ஒருவர் துவரம்பருப்பை மூன்று முறை கொட்டச் சொல்லி, கல் இருக்கிறதா என்று பார்த்தார். பையன் மூட்டைப் பக்கம் திரும்பி, "சரியான சாவுகிராக்கி" என்று முணுமுணுத்தான். அந்த அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"சாகறதுக்கு உங்க கடைக்கு வரணுமாப்பா?" என்றார். கோபப்படவில்லை. பையை மடித்துக்கொண்டு போய்விட்டார். அவர் கணவர் காலமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும், பையனுக்குத் தெரியாது.

கூப்பிட்டு விசாரித்தேன். "தொந்தரவு பண்றவங்களை அப்படித்தான் சொல்லுவாங்கன்னு நெனச்சேன், அண்ணாச்சி" என்றான். ஆட்டோ ஸ்டாண்டில் கற்ற சொல். பொருளைச் சொன்னதும் முகம் செத்துவிட்டது. மறுநாள் இருவருமாக அவர் வீட்டுக்குப் போனோம். காபி கொடுத்தார். பையனின் ஊர், அம்மா, தங்கை பற்றியெல்லாம் விசாரித்தார். கடைப் பேச்சையே எடுக்கவில்லை.

பதினொரு வருடமாக ஒன்றாம் தேதி தவறாமல் வந்த மளிகைப் பட்டியல் அடுத்த மாதம் வரவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. பொங்கலுக்கு முந்தின நாள் அந்த அம்மா வந்தார். வெல்லம் மட்டும் ஒரு கிலோ கேட்டார். நான் எழுவதற்குள் பையனே நிறுத்துப் பொட்டலம் கட்டினான். சில்லறையை இரு கையாலும் கொடுத்தான்.