இளம் சிற்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சர்வகலாசாலை வளாகமொன்றில் வெண்கல ஞாபகச் சின்னம் அமைக்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பது குறித்து மகிழ்ச்சி. ஒரு வெற்றியைக் கொண்டாட விரும்புகிறவர்கள் பணம் தரும்போது, அந்த வெற்றியின் மறுபக்கத்தையும் சிற்பி காட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். சிற்பி ஹென்றி மூர் சிகாகோவில் செய்ததை எண்ணிப் பார்.

1942 டிசம்பர் 2-ஆம் தேதி, சிகாகோ சர்வகலாசாலையின் விளையாட்டு மைதானத்தில், பார்வையாளர் மேடைக்கு அடியில், கிராபைட்டையும் யுரேனியத்தையும் அடுக்கி எழுப்பிய உலையில், என்ரிகோ ஃபெர்மியும் அவருடைய சகாக்களும் அணுப்பிளவின் தொடர்வினையை முதன்முதலாகத் தானே நீடித்து நடக்கச் செய்தார்கள். இன்றைய அணுமின் நிலையங்களுக்கு அதுவே ஆதி. நாகசாகியை அழித்த குண்டின் புளூட்டோனியம் பிறந்த உலைகளுக்கும் அதுவே ஆதி. 25 ஆண்டுகளுக்குப் பின், 1967-இல் அதே தேதியில், அதே இடத்தில் திறந்துவைக்கப்பட்ட 12 அடி உயர வெண்கலத்தில் மூர் ஃபெர்மியின் உருவத்தை வைக்கவில்லை. காளான் வடிவ மேகமென்றும் கபாலமென்றும் ஒருங்கே தோன்றும் வழவழப்பான கவிகையை மேலே நிறுத்தி, அதைத் தாங்கும் கீழ்ப்பாகத்தைத் தேவாலயத்தின் தூண்களையும் வளைவுகளையும் நினைவூட்டும்படி குடைந்தார். அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தை ஆதரித்த அவர், விஞ்ஞானிகளின் சாதனையை மறுக்காமலும் தம் பயத்தை மறைக்காமலும் இரண்டையும் ஒரே உருவத்துக்குள் இணைத்தார்.

இதைப் பார்த்து, பொருள் மங்கலாக இருந்தால் போதுமென்று நினைத்துவிடாதே. இரட்டைப் பொருள் தரும் உருவத்துக்குத்தான் ஒவ்வொரு வளைவும் தீர்மானமாக இருக்க வேண்டும். நிகழ்ச்சியைப் படிக்கும்போது அதன் பின்விளைவுகளையும் சேர்த்துப் படி. மாணவர்கள் எத்திசையிலிருந்தும் வருவார்களாதலால் களிமண் மாதிரியைச் சுற்றிச் சுற்றிப் பார். மெழுகில் நீ அலட்சியமாக விட்ட தழும்பு வெண்கலத்திலும் நிலைத்திருக்கும். கை படும் இடங்கள் பளபளக்க, மழை படும் இடங்களில் களிம்பேறும் என்பதையும் முன்கூட்டியே எண்ணி வடிவத்தை வகு. பணம் தருகிறவர்களிடம் உன் கருத்தை அச்சு எடுப்பதற்கு முன்பே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடு. வார்த்தபின் தொடங்கும் விவாதம் இரு தரப்புக்கும் நஷ்டம்.

மூரின் சிற்பத்துக்கு முந்தைய சிறிய வெண்கல வடிவமொன்று ஹிரோஷிமாவின் தற்காலக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வென்றவர் மண்ணிலும் வெந்தவர் மண்ணிலும் பொய் சொல்லாமல் நிற்க முடிகிற உருவமா என்று உன் மாதிரியையும் சோதித்துப் பார். தேறாவிட்டால், பணமும் தவணையும் எவ்வளவு நெருக்கினாலும், வார்ப்புக்கு அனுப்பாதே.

உன் நலம் நாடும்,
மூத்த சிற்பி ஒருவன்