பாலைவன ரோஜாவை வீட்டில் வளர்த்தலும், மழை, குளிர் காலங்களில் அதனைக் காத்தலும்

அடீனியம் என்றும், பாலைவன ரோஜா என்றும் வழங்கப்படும் செடி நமது கிராமங்களில் வீட்டு முற்றங்களிலும் மாடித் தளங்களிலும் இப்போது பரவலாகக் காணப்படுகிறது. பருத்த அடிமரமும், கிளைகளின் நுனியில் கொத்தாக மலரும் சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு மலர்களும் பார்ப்போர் மனத்தைக் கவர்வதால், பலர் நல்ல விலை கொடுத்தே இதனை வாங்குகின்றனர். ஆயினும், கோடையில் பூத்துக் குலுங்கிய செடி ஐப்பசி மழையில் இலையுதிர்ந்து, கார்த்திகையில் அடிமரம் குழைந்து, மார்கழியில் வெறுந்தொட்டியாக நிற்பதைப் பல இல்லங்களில் காண்கிறோம். பல ஆண்டுகள் வாழக்கூடிய செடி ஒரே மழைக்காலத்தில் மடிவதற்குக் காரணம் யாது என்பதையும், அதைத் தடுக்கும் முறையையும் இக்கட்டுரையில் விளக்குவோம்.

செடியின் பிறப்பிடமும் இயல்பும்

இச்செடி ரோஜா இனத்தைச் சேர்ந்ததன்று. அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, ஈழத்தலரி ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிரிக்காவில் சஹாராவுக்குத் தெற்கே செனகல் முதல் சூடான் வரையிலும், கென்யா, தான்சானியா முதலிய கிழக்கு நாடுகளிலும், அரேபியாவின் தென்மேற்கு, தென் பகுதிகளிலும் இது இயற்கையாக வளர்கிறது. டென்மார்க் அரசர் 1761-ஆம் ஆண்டில் அரேபியாவுக்கு அனுப்பிய ஆராய்ச்சிக் குழுவில் சென்ற பீட்டர் ஃபார்ஸ்கால் என்னும் இயற்கைநூல் அறிஞர் இதனைக் கண்டு குறித்தார். அவர் 1763-இல் யேமன் நாட்டிலேயே காலமானார். அவருடைய குறிப்புகளை உடன் சென்ற கார்ஸ்டன் நீபூர் 1775-இல் அச்சிட்டு வெளியிட்டார். ஃபார்ஸ்கால் இதனை அரளியின் இனமாகவே வகுத்திருந்தார். 1819-இல் தான் இது அடீனியம் என்னும் தனி இனமாகப் பிரிக்கப்பட்டது.

பாலைவனம் என்ற பெயரைக் கொண்டு இது வெறும் மணற்பரப்பில் வளர்வதாக எண்ணலாகாது. பாறைச் சரிவுகளிலும், சரளை நிலங்களிலும், முட்புதர்க் காடுகளிலுமே இது பெரும்பாலும் காணப்படுகிறது. அங்கு ஆண்டில் சில மாதங்களே மழை பெய்யும். பெய்த நீரும் பாறை இடுக்குகளின் வழியே விரைவில் வடிந்துவிடும். அக்குறுகிய காலத்தில் கிடைக்கும் நீரைச் செடி தன் பருத்த அடிமரத்திலும் வேரிலும் சேமித்துக்கொள்கிறது. பின்னர் வறட்சி வந்ததும் இலைகளை உதிர்த்து, சேமித்த நீரைக் கொண்டு உயிர்வாழ்ந்து, அடுத்த பருவம் வரை ஓய்வு கொள்கிறது. இந்த ஓய்வுக் காலத்தை நன்கு அறிந்துகொள்வதே இச்செடியை வளர்ப்பதில் முதற் பாடமாகும்.

ஓய்வில் இருக்கும் செடிக்கு இலை இல்லை; இலை இல்லாததால் நீர் ஆவியாக வெளியேறுவதில்லை; ஆகவே வேர்கள் மண்ணிலிருந்து நீரை இழுப்பதுமில்லை. அந்நிலையில் தொட்டியில் விடப்படும் நீர் மண்ணிலேயே தங்கி, மண்ணின் துளைகளிலுள்ள காற்றை வெளியேற்றிவிடுகிறது. காற்றில்லா மண்ணில் வேர்கள் தளர்வதும், பூசணங்கள் அவற்றைப் பற்றி அழுகச் செய்வதும் தொடர்ந்து நிகழ்கின்றன. வேரில் தொடங்கிய அழுகல் சதைப்பற்று மிகுந்த அடிமரத்தில் ஏறுவதற்கு அதிக நாட்கள் ஆவதில்லை.

தொட்டியும் மண்ணும்

ஆழமான தொட்டியைக் காட்டிலும் அகலமான, ஆழம் குறைந்த தொட்டியே ஏற்றது. சுட்ட மண் தொட்டியாயின் பக்கங்களின் வழியாகவும் ஈரம் உலரும். அடியில் குறைந்தது மூன்று துளைகள் இருத்தல் வேண்டும். தொட்டியைத் தரையில் படிய வைக்காமல், மூன்று செங்கல் துண்டுகளின் மேல் தூக்கி வைத்தால் துளைகள் அடைபடா.

வயல் வண்டல், களிமண், கரிசல் ஆகியவற்றைத் தனியாக இதற்கு உபயோகிக்கலாகாது. பருமனான ஆற்று மணல் 2 பாகம், பட்டாணி அளவு உடைத்த செங்கல் துண்டுகள் 1 பாகம், நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது இலைமக்கு 1 பாகம், அவற்றுடன் சிறிது கரித்துண்டு சேர்த்த கலவை போதுமானது. கலவை சரியானதா என்று அறிய, தொட்டியை நிரப்பி ஒரு செம்பு நீர் விட்டுப் பார்க்க வேண்டும். விட்ட நீர் மேலே தேங்கி நிற்காமல் உடனுக்குடன் அடித்துளை வழியே இறங்குமாயின் கலவை நன்று. தேங்குமாயின் மணலையும் செங்கல் துண்டையும் கூட்ட வேண்டும்.

விதையும் ஒட்டும்

செடியின் காய்கள் இரட்டைக் கொம்பு போன்றவை. முற்றியதும் வெடித்து, இரு முனைகளிலும் பஞ்சு போன்ற மயிரிழைகளைக் கொண்ட விதைகள் காற்றில் பறந்துவிடும். ஆதலால் காய் பழுப்பு நிறமடையத் தொடங்கியவுடனேயே நூலால் சுற்றிக் கட்டிவிடுதல் அவசியம். புதிய விதைகளே நன்றாக முளைக்கும். மாசி முதல் ஆனி வரை விதைப்புக்கு ஏற்ற காலம். விதைகளைப் படுக்கை வசமாக வைத்து, மணலை மெல்லியதாகத் தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் 5 முதல் 10 நாட்களுக்குள் முளைக்கும். ஐந்தாறு இலைகள் விட்டபின் நாற்றுகளைத் தனித்தனியாக மாற்றி நடலாம்.

விதைச் செடியில்தான் அடிமரம் இயல்பாகப் பருக்கும். வெட்டி நட்ட போத்துகளும் வேர் பிடிக்குமாயினும், அவற்றில் அத்தகைய திரட்சி எளிதில் உண்டாவதில்லை. ஆனால் விதைச் செடியின் பூ தாய்ச்செடியின் பூவைப் போலவே இருக்குமென்று உறுதி கூற இயலாது. குறிப்பிட்ட நிறமும் அடுக்கு மலரும் வேண்டுவோர், விதைச் செடியின் மேல் விரும்பிய வகையின் நுனிக் கிளையை ஆப்பு வடிவாகச் சீவி ஒட்டுக்கட்ட வேண்டும். மா, சப்போட்டா முதலியவற்றில் ஒட்டுக்கட்டிப் பழகிய கைகளுக்கு இது கடினமான வேலையன்று. தை இறுதி முதல் பங்குனி வரையுள்ள வறண்ட நாட்களே இதற்குத் தக்கவை.

வளரும் பருவத்தில் செய்ய வேண்டியவை

தை மாதக் கடைசியில், புதுத்துளிர் தோன்றுவதற்கு முன், நீண்ட கிளைகளைக் கவாத்து செய்ய வேண்டும். பூக்கள் புதிய கிளைகளின் நுனியில் வருவதால், கவாத்து செய்த செடியில் கிளைகளும் பூக்களும் மிகும். வெட்டிய இடங்களில் கந்தகத்தூளைத் தடவி, காயம் ஆறும்வரை நீர் படாமல் வைத்திருத்தல் நலம். தொட்டி மாற்றுவதற்கும் இதுவே சமயம். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அடிமரத்தை அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை உயர்த்தி நட்டால் அதன் திரட்சி வெளியே தெரியும்.

தினமும் குறைந்தது 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். நிழலில் வைத்த செடி நெடுநெடுவென நீளுமேயன்றிப் பூப்பதில்லை. கோடையில் இலைகள் நிறைந்திருக்கும்போது தாராளமாக நீர் விடலாம். பாலைவனச் செடியென்று எண்ணி அப்பருவத்தில் பட்டினி போடுதல் தவறு. மண்ணில் விரலை இரண்டு அங்குலம் செலுத்திப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும், அடித்துளை வழியே வழியுமளவு நீர் விடுக. மக்கிய தொழுவுரமும், சிறிது எலும்புத்தூளும், மரச்சாம்பலும் இரண்டு மாதத்துக்கொரு முறை ஒரு கைப்பிடி இட்டால் போதும். யூரியா போன்ற தழைச்சத்து உரங்களை மிகுதியாக இட்டால் தண்டு மென்மையாகி அழுகலுக்கு இடமாகும்.

மழைக்காலத்தைக் கடத்தும் முறை

குளிர் மிகுந்த ஐரோப்பிய, வட அமெரிக்க நாடுகளில் இச்செடியை வளர்ப்போர், இரவின் வெப்பநிலை 10 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்குமுன் தொட்டிகளை வீட்டுக்குள் எடுத்துச் சென்றுவிடுகின்றனர். அங்கு 10 முதல் 15 டிகிரி வரையுள்ள அறையில், நீரை ஏறக்குறைய நிறுத்தி, இலைகளை உதிரவிட்டு, வசந்தம் வரும்வரை உறங்க வைக்கின்றனர். விளக்கொளியும் வெப்பமும் அளிக்க வசதியுள்ளோர் சிலர், உறங்கவிடாமல் சிறிதளவு நீர் விட்டு வளர்ப்பதும் உண்டு. அந்நாடுகளுக்காக எழுதப்பட்ட முறைகளை நாம் அப்படியே கைக்கொள்ளுதல் பொருந்தாது. நமது சமவெளிகளில் மார்கழி இரவுகளின் குளிர் இச்செடியைக் கொல்லுமளவு கடுமையானதன்று. இங்கு செடியைக் கொல்வது வடகிழக்குப் பருவமழையே. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் பெய்கிறது. பிறப்பிடத்தில் வறட்சியில் ஓய்வு கொள்ளப் பழகிய செடி, நம்மிடத்தில் வெயில் குறைந்து வளர்ச்சி தளரும் அதே சமயத்தில் இடைவிடாத மழையில் நனைகிறது. இதுவே துன்பத்தின் மூலம்.

ஆகையால் பின்வரும் முறையைக் கைக்கொள்க.

1. புரட்டாசி இறுதிக்குள் உரமிடுவதை முற்றிலும் நிறுத்துக. அம்மாதத்துக்குப்பின் தொட்டி மாற்றுவதும், கவாத்து செய்வதும் கூடாது.

2. பருவமழை தொடங்குமுன் தொட்டிகளை மழைநீர் படாத, ஆனால் வெளிச்சமும் காற்றும் உள்ள தாழ்வாரத்துக்கு மாற்றுக. அதிக எண்ணிக்கையில் வளர்ப்போர் மூங்கில் கால் நாட்டி, ஒளி ஊடுருவும் பாலிதீன் தாளைச் சரிவாக மேலே வேயலாம். நான்கு பக்கங்களும் திறந்திருக்க வேண்டும். மூடிய கொட்டகையில் காற்றோட்டமின்றி ஈரம் தங்கினால் வேய்ந்ததன் பயன் கெடும்.

3. நீர் விடுவதற்கு நாட்காட்டியைப் பாராமல் இலையைப் பார்க்க வேண்டும். இலைகள் பசுமையாக நிறைந்திருந்தால், மண் முழுவதும் உலர்ந்தபின் சிறிதளவு விடுக. இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கினால் குறைக்குக. இலைகள் முழுதும் உதிர்ந்துவிட்டால், மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒரு முறை, வெயிலுள்ள நாளின் காலையில், ஒரு சிறு குவளை நீருக்கு மேல் வேண்டா.

4. வாரம் ஒரு முறை அடிமரத்தை விரலால் அழுத்திப் பார்க்க. கெட்டியாக இருந்தால் செடி நலமாயிருக்கிறது. மண் உலர்ந்து, அடிமரம் முழுவதும் ஒரே சீராகச் சுருங்கித் தளர்ந்திருந்தால் அது தாகத்தின் அறிகுறி. சிறிது நீரால் சரியாகும். மண் ஈரமாயிருக்க, ஏதேனும் ஓரிடம் மட்டும் பழுப்பேறிக் கொழகொழவென்று அமுங்கினால் அது அழுகல். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாமல், அழுகும் செடிக்கு மேலும் நீர் விடுவதனால்தான் பெரும்பாலான செடிகள் அழிகின்றன.

5. தை மாதத்தில் துளிர் மொட்டுகள் தெரிந்தபின் நீரைப் படிப்படியாகக் கூட்டுக. நிழலிலிருந்த செடியை ஒரே நாளில் கடும் வெயிலில் வைத்தால் அடிமரத்தின் தோல் வெந்துவிடும். முதல் வாரம் காலை வெயிலில் மட்டும் வைத்துப் பழக்குக.

உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற உறைபனி விழும் மலை ஊர்களில் வசிப்போர் மேற்கூறிய குளிர்நாட்டு முறையையே பின்பற்ற வேண்டும். கார்த்திகை தொடங்குமுன் தொட்டியை வீட்டினுள் வெயில் படும் கண்ணாடிச் சாளரத்தருகே வைத்து, பனிக்காலம் நீங்கும்வரை ஏறக்குறைய வறண்ட நிலையில் காக்க வேண்டும். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே சென்றால் கிளை நுனிகள் கருகும். உறைபனி பட்டால் செடி முழுவதும் மடியும்.

அழுகலும் பூச்சிகளும்

அழுகல் கண்ட செடியை உடனே பெயர்த்தெடுத்து, வேர்களைக் கழுவி, கூர்மையான சுத்தமான கத்தியால் பழுப்பு நிறப் பகுதி அனைத்தையும் நீக்க வேண்டும். வெட்டிய முகம் முழுவதும் தூய வெண்மையாகத் தெரியும்வரை வெட்டுதல் வேண்டும். சிறிது பழுப்பு மீந்தாலும் அழுகல் மீண்டும் பரவும். பின் கந்தகத்தூள் அல்லது பூசணக்கொல்லி மருந்து தடவி, நிழலில் 7 முதல் 10 நாட்கள் உலரவிட்டு, புதிய உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் சென்றபின் நீர் விடுக. முற்றிலும் அழியுமுன் கண்டுகொண்டால் பாதி அடிமரம் போன செடியும் பிழைக்கும்.

மாவுப்பூச்சியும் அசுவினியும் சிறிதளவே காணப்படின், சோப்புக் கரைசலில் நனைத்த துணியால் துடைத்தெடுக்கலாம். வறண்ட வெப்ப நாட்களில் சிவப்புச் சிலந்தி இலையின் அடியில் தங்கி, இலையை வெளுக்கச் செய்யும். அரளியைத் தின்னும் பெரிய பச்சைப்புழு, தலைப்பக்கம் நீலக் கண் போன்ற புள்ளிகளுடன் இதன் இலைகளையும் ஓரிரவில் தின்று தீர்க்கும். அதனைக் கையால் பொறுக்கி அழிப்பதே எளிய வழி.

விஷத்தைப் பற்றிய எச்சரிக்கை

இச்செடியின் பால், இலை, தண்டு, வேர், விதை யாவும் விஷமுள்ளவை. அரளியைப் போலவே இதயத்தின் துடிப்பைக் கெடுக்கும் பொருள்கள் இதில் உள்ளன. ஆப்பிரிக்காவில் வேட்டையாடுவோர் இதன் சாற்றை அம்பு நுனியில் தடவும் நஞ்சாகப் பயன்படுத்தி வந்துள்ளனர் என்பதிலிருந்து இதன் கடுமை விளங்கும். கவாத்து செய்வோர் கையுறை அணிந்து, வேலை முடிந்ததும் கைகளையும் கத்தியையும் நன்கு கழுவுதல் வேண்டும். பால் கண்ணில் படலாகாது. வெட்டிய கிளைகளைத் தீவனக் குவியலருகிலோ, குப்பைமேட்டிலோ, குளத்திலோ எறியாமல் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். ஆடு மாடுகள் கட்டுமிடத்திலும், தவழும் குழந்தைகள் எட்டும் உயரத்திலும் தொட்டியை வைக்கலாகாது. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ஊராட்சி அலுவலகம் ஆகியவற்றின் முகப்பில் அழகுக்காக இதனை வைப்பதாயின், கிராம உத்தியோகஸ்தர்கள் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் கடமை. யாரேனும் இதனை உட்கொண்டுவிட்டால் கைவைத்தியத்தில் காலம் போக்காமல், செடியின் ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கால்நடையாயின் கால்நடை மருத்துவரை அணுகுக.

இவ்விதம் கோடையில் வெயிலும் நீரும், மழைக்காலத்தில் கூரையும் வறட்சியும் தவறாது அளித்துவரின், ஒரே செடி பல ஆண்டுகள் அடிமரம் பெருத்து ஆண்டுதோறும் மலரும். மழைக்காலத்தில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. ஆனால் அவற்றை மழை வந்தபின் செய்வதில் பயனில்லை. எனவே நேயர்கள் ஆவணி மாதத்திலேயே தொட்டித் துளைகளைச் சோதித்து, அடைப்பை நீக்கி, புரட்டாசிக்குள் தாழ்வாரத்தில் இடம் ஒழித்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளுகிறோம்.