ஃபார்மட் போடுவதற்கு முன்னால்

வீட்டுக் கணினி அடிக்கடி நின்றுபோனால் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். ‘ஃபார்மட் போட்டாச்சு’ என்று திருப்பித் தருகிறார்கள். பத்தே நாளில் மறுபடி நிற்கிறது. என் வீட்டிலும் இரண்டு முறை ஃபார்மட் போட்டோம், புது ராம் வாங்கினோம், மகளின் கல்லூரி ப்ராஜெக்ட் பாதி அழிந்தது. கடைசியில் பார்த்தால் கோளாறு கணினிக்குள்ளேயே இல்லை.

அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. ஆகவே ஸ்க்ரூ டிரைவரைத் தேடும் முன் நோட்டை எடுங்கள். நிற்கும் ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம் எழுதுங்கள்: மணி என்ன, கணினியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது, வீட்டில் என்ன ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை. எங்கள் நோட்டில் காலை 6.10, மாலை 5.50, மறுநாள் காலை 6.15 என்று விழுந்திருந்தது. அதைப் பார்த்த என் மனைவி, “இதெல்லாம் நான் தண்ணி மோட்டார் போடுற நேரமாச்சேங்க” என்றார். மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் இறங்கும், யுபிஎஸ் உடனே பேட்டரிக்கு மாறும். அந்தப் பேட்டரி செத்துக் கிடந்தது.

அடுத்த வேலை, கோப்புகளைக் காப்பாற்றுவது. கணினி ஓடும் நேரத்திலேயே போட்டோ, ஆவணம், கணக்கு எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். பழுதாகிவருவது உள்ளே இருக்கும் டிஸ்க்காகவே இருந்தால், சோதனை செய்யச் செய்ய அது இன்னும் மோசமாகும்.

எப்படி நிற்கிறது?

‘சிஸ்டம் நின்னுபோச்சு’ என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன. நீலத் திரை வந்து நிற்பது ஒன்று. புதிய விண்டோஸ் 11 பதிப்புகளில் அந்தத் திரை கருப்பாகிவிட்டது. ஸ்விட்சைத் தட்டியதுபோல் சட்டென அணைவது இன்னொன்று. படம் அப்படியே உறைந்து மௌஸ் நகராமல் போவது மூன்றாவது. உறைந்தால் கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் விண்டோஸ் உள்ளே இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்போது கிராஃபிக்ஸ் டிரைவரையோ ஏதாவது ஒரு மென்பொருளையோ சந்தேகிக்கலாம்.

நீலத் திரை படிப்பதற்குள் ஓடிவிடும். ஸ்டார்ட் மெனுவில் ‘வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ தேடித் திறந்து, ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி’ பகுதியில் ‘ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுத்துவிட்டால் அது நின்று பேசும். ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று வந்தால் ராமிலிருந்து தொடங்குங்கள். ‘வீயா அன்கரெக்டபிள் எர்ரர்’ என்றால் பெரும்பாலும் வன்பொருள்: சூடு, மின்சாரம், பிராசஸர். ‘சிஸ்’ என்று முடியும் கோப்பின் பெயர் தெரிந்தால், அது எந்த டிரைவர் என்று தேடி அதையே முதலில் பாருங்கள்.

சட்டென அணையும் கணினியில் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் ‘கெர்னல் பவர் 41’ என்ற சிவப்புக் குறி இருக்கும். அதைப் பார்த்ததும் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி போய்விட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. முறையாக ஷட் டவுன் ஆகாமல் கணினி நின்றது என்பதற்கு மேல் அந்த 41 எதையும் சொல்வதில்லை.

மின்சாரம்

சட்டென அணைகிற கணினிகளுக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான். யுபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் சில நாள் ஓட்டுங்கள். நிற்பது நின்றுவிட்டால் யுபிஎஸ்தான் காரணம். வீட்டு யுபிஎஸ்ஸின் சின்ன பேட்டரி இரண்டு, மூன்று வருடம்தான் உழைக்கும். 600 விஏ என்று எழுதியிருக்கும் யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கணினிக்கு அது எட்டாமல் போகலாம். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டவே கூடாது. சூடாகும்போது அது இழுக்கும் கரண்ட் மிக அதிகம்.

கேபினெட்டைத் தொட்டால் விர்ரென்று லேசாக ஷாக் அடிக்கிறதா? பிளக்கில் எர்த் இல்லை என்று அர்த்தம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் வயரில் மல்டிமீட்டர் வைத்தால் 11.4-க்கும் 12.6 வோல்ட்டுக்கும் நடுவில் காட்ட வேண்டும். ஆனால் சும்மா இருக்கையில் சரியாகக் காட்டிவிட்டு, கேம் ஓடும்போது சரிகிற எஸ்எம்பிஎஸ்களும் உண்டு. நண்பரிடம் நல்லது ஒன்றை வாங்கி மாட்டிப் பார்ப்பதே உறுதியான சோதனை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் பிரிக்காதீர்கள். வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தூக்கிவீசும் மின்சாரம் தங்கியிருக்கும்.

சூடு

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு பிராசஸரின் வெப்பத்தைப் பாருங்கள். இன்டெல் சில்லுகள் பலவற்றுக்கு 100 டிகிரியும், ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95 டிகிரியும் எல்லை. அதைத் தொட்டால் பிராசஸர் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். அறையே 38 டிகிரியில் வேகும் சித்திரை மதியத்தில், மேஜையின் மூடிய அடுக்குக்குள் கணினியை வைத்தால் என்ன ஆகும்? முதலில் வெளியே எடுத்து வையுங்கள்.

பிறகு வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திவிட்டு, பக்கக் கதவைத் திறங்கள். ஃபேனுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே தூசி துணி மாதிரி படிந்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ப்ளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும். இன்டெல் பிராசஸரோடு வரும் கூலரில் நான்கு மூலையிலும் கருப்பு பின்கள் இருக்கும். அதில் ஒன்று மேலே எழும்பியிருந்தாலும் ஹீட் சிங்க் ஒட்டாது. ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். கூலரைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிது வையுங்கள்.

ராம்

ராமைத் தொடும் முன் கேபினெட்டின் இரும்பைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். ராமை எடுத்து, தங்க நிறக் கால்களை மென்மையான வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, ‘க்ளிக்’ சத்தம் கேட்கும்வரை திரும்ப அழுத்துங்கள். கடைக்காரர்கள் காலகாலமாகச் செய்வது இது. ஈரக்காற்று வீசும் ஊர்களில் இதோடு சரியாகிவிடுவதும் உண்டு. பயாஸில் ராமின் வேகத்தைக் கூட்டும் ‘எக்ஸ்எம்பி’ போட்டிருந்தால் அணைத்துவிட்டு இரண்டு நாள் பாருங்கள்.

அதற்கும் கோளாறு தீராவிட்டால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், ‘ஒன்றுதானே’ என்று விட வேண்டாம். பிழை வந்தால் ராம்களை ஒவ்வொன்றாகத் தனியே போட்டு ஓட்டி, பிறகு ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள். நாங்கள் தேவையில்லாமல் புது ராம் வாங்கியது இந்த ஓர் இரவைச் செலவழிக்காததால்தான்.

டிஸ்க்குக்கு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போதும். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டினால் மாற்றிவிடுங்கள்.

கடைசியில் விண்டோஸ்

நிற்கத் தொடங்கிய வாரத்தில் என்ன புதிதாக ஏறியது என்று ‘ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’யில் தேதிவாரியாகத் தெரியும். டிரைவர், ஆன்டிவைரஸ் போன்றவை விண்டோஸின் அடிமட்டத்தில் ஓடுகிறவை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரே ஒரு பிழையான கோப்பு ஏறத்தாழ 85 லட்சம் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. அவற்றின் வன்பொருளில் எந்தக் குறையும் இல்லை. சந்தேகப்படும் அப்டேட்டை நீக்கிப் பாருங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து, ‘எஸ்எஃப்சி’ என்ற மூன்றெழுத்து, ஓர் இடைவெளி, சாய்கோடு, அதையொட்டி ‘ஸ்கேன்நவ்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் கெட்டுப்போன விண்டோஸ் கோப்புகளை அதுவே சரிசெய்யும். இன்டெல் 13 அல்லது 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் என்றால் மதர்போர்டின் பயாஸையும் புதுப்பியுங்கள். அவற்றில் சிலவற்றுக்கு அதிக வோல்டேஜ் போய் நிலைகுலைந்ததற்கு 2024 ஆகஸ்ட் முதல் மைக்ரோகோட் திருத்தங்கள் வந்தன, வாரன்டியும் இரண்டு வருடம் நீட்டிக்கப்பட்டது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். மாற்றிய தேதியை நோட்டில் எழுதிவிட்டு, வழக்கமாக எத்தனை நாளுக்கு ஒருமுறை நின்றதோ அதைவிட இரண்டு மடங்கு நாள் பொறுங்கள். ராமையும் டிரைவரையும் ஒரே நாளில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

இவ்வளவுக்கும் பிடிபடாவிட்டால் மிஞ்சுவது மதர்போர்டும் பிராசஸரும்தான், கடைக்குப் போக வேண்டியதுதான். போகும்போது நோட்டையும் கொடுங்கள். கேட்காமல் ஃபார்மட் போட வேண்டாம் என்றும், எந்த பாகத்தை மாற்றினாலும் பழையது கைக்கு வர வேண்டும் என்றும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.